அயல் அட்டவணையின் நெடுவரிசைகள்

தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதிச் சேமித்து, பெயரைச் சொல்லி அழைத்தால் ஓடும்படி வைக்கப்படும் நிரலை ஸ்டோர்டு புரொசீஜர் என்றும், சுருக்கமாகப் புரொசீஜர் என்றும் இத்தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். இத்தகைய புரொசீஜர், தான் இருக்கும் தரவுத்தளத்தின் அட்டவணைகளில் என்னென்ன நெடுவரிசைகள் உள்ளன என்று கேட்டறிய வேண்டிய தேவை அரிதாகவே எழுகிறது. அதை எழுதியவரோ, அவருக்கு அடுத்த இருக்கையில் இருப்பவரோதான் அந்த அட்டவணைகளையும் அமைத்திருப்பார். அட்டவணை வேறொரு தரவுத்தளத்தில், வேறொரு குழுவின் பொறுப்பில், பல வேளைகளில் விலைக்கு வாங்கிய மென்பொருள் ஒன்றின் உள்ளே இருக்கும்போதுதான் பெயர்களைக் கேட்டு வாங்கும் வேலை வருகிறது. பார்ப்பவருக்கு இது ஒருவரி வினவலாகத் தோன்றும். நெடுங்காலம் இதைச் செய்தவர்களுக்கோ, கேட்பவர் யார், எந்தத் தரவுத்தளத்தில் நின்று கேட்கிறார், எப்போது கேட்கிறார் என்ற மூன்றையும் பொறுத்து விடை மாறும் என்பது தெரியும். தவறான விடை பெரும்பாலும் பிழைச்செய்தியாக வராமல், ஒரு வரியும் இல்லாத வெறும் பட்டியலாக வந்து நிற்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

1990களில் இவ்வேலை பெரும்பாலும் கையால் நடந்தது. தரவு எடுக்கப்படும் மூல அமைப்பின் பொறுப்பாளர்கள் அட்டவணை அமைப்பை அச்சிட்டுத் தருவார்கள். அதைப் பார்த்துப் பெயர்களைத் தட்டச்சு செய்து புரொசீஜரில் சேர்ப்பார்கள். அச்சுத்தாளின் தேதிக்குப் பிறகு மூலத்தில் நடந்த மாற்றம் அடுத்த தோல்வி வரும்வரை யாருக்கும் தெரியாது. இந்தச் சுமைக்கு அஞ்சியவர்கள் எல்லா நெடுவரிசைகளையும் ஒரே குறியால் கேட்கும் ‘செலக்ட் ஸ்டார்’ வடிவத்தைக் கைக்கொண்டார்கள். மூலத்தில் ஒரு நெடுவரிசை கூடினால் எண்ணிக்கை பொருந்தாமல், தரவை இலக்கு அட்டவணையில் சேர்க்கும் ஏற்றம் நின்றுவிடும், நிற்பது நல்லதே. ஒன்று நீங்கி வேறொன்று சேர்ந்த நாளில் எண்ணிக்கை மாறுவதில்லை, தரவு வகையும் ஒத்துப்போனால் பிழை எதுவும் எழுவதில்லை. விநியோகத் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ரத்துத் தேதி சத்தமின்றி வந்து அமர்ந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் கணக்குப் பிரிவில் இருப்பவராகவே இருப்பார், அதுவும் மாதக் கடைசியில். ஏற்றத்துக்கு முன் மூலத்தின் நெடுவரிசைப் பெயர்களைக் கேட்டுவாங்கி, எதிர்பார்க்கும் பெயர்களோடு ஒப்பிட்டு, அதன் பிறகே வினவலைக் கட்ட வேண்டும் என்ற பழக்கம் இந்த அனுபவத்திலிருந்துதான் பிறந்தது.

பெயர்களைக் கேட்பதற்கான வழி தரவுத்தளங்களின் அடிப்படைக் கருத்திலேயே இருந்தது. 1970இல் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்த ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட், 1985இல் வெளியிட்ட தம் விதிகளில் நான்காவதாக, ஒரு தரவுத்தளம் தன்னைப் பற்றிய விவரங்களையும் சாதாரண அட்டவணைகளைப் போலவே, அதே வினவல் மொழியால் கேட்கத்தக்கதாக வைத்திருக்க வேண்டும் என்று வகுத்தார். அந்த விவர அட்டவணைகளின் தொகுப்பே கேட்டலாக் எனப்படுகிறது. சைபேஸிலும் அதன் வழிவந்த மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரிலும் சிஸ்ஆப்ஜெக்ட்ஸ், சிஸ்காலம்ஸ் என்ற அட்டவணைகளும், ஆரக்கிளில் ஆல்_டேப்_காலம்ஸ் என்ற காட்சியும் (வியூ), டிபி2இல் சிஸ்கேட் காலம்ஸும் இதற்காக இருந்தன. 1992ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலை இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்ற பொது வடிவத்தை வகுத்தது. எஸ்க்யூஎல் சர்வர் அதைத் தன் 7.0 பதிப்பிலும், போஸ்ட்கிரெஸ் 2003இன் 7.4 பதிப்பிலும், மைஎஸ்க்யூஎல் 2005இன் 5.0 பதிப்பிலும் ஏற்றன. ஆரக்கிள் இன்றுவரை தன் வழியிலேயே செல்கிறது. ஆகவே, தரநிலை வந்துவிட்டதால் ஒரே வினவல் எல்லா இடத்திலும் ஓடும் என்று நம்பித் திட்டமிட்டவர்கள், முதல் ஆரக்கிள் மூலம் வந்த நாளிலேயே அந்த நம்பிக்கையைக் கைவிட நேர்ந்தது.

ஒரே சர்வரில் இருக்கும் பக்கத்துத் தரவுத்தளம் எளிதானது என்றே எல்லோரும் தொடங்குகிறார்கள். எஸ்க்யூஎல் சர்வரில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனிக் கேட்டலாக் உண்டு. இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவை முன்னொட்டு இல்லாமல் கேட்டால் புரொசீஜர் இருக்கும் தரவுத்தளத்தின் விவரமே வரும், அங்கே அந்த அட்டவணை இல்லாததால் பட்டியல் வெறுமையாக இருக்கும். தரவுத்தளத்தின் பெயரை முன்னால் சேர்த்து மூன்று பகுதிப் பெயராக எழுதினால் விடை வந்துவிடும். ஆனால் அட்டவணை போன்ற பொருட்களின் அடையாள எண்கள் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனியானவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்துத் தரவுத்தளத்திலிருந்து எடுத்த எண்ணை, எண்ணைப் பெயராக மாற்றும் ஆப்ஜெக்ட்_நேம் செயற்கூற்றிடம் கொடுத்தால், அது தான் நிற்கும் தரவுத்தளத்தில் தேடி, ஒன்றும் கிடைக்காவிட்டால் வெறுமையையும், தற்செயலாக அதே எண்ணில் வேறொன்று இருந்தால் அந்த வேறொன்றின் பெயரையும் தந்துவிடும். நெடுவரிசைக்கு உரிய கால்_நேம் செயற்கூறும் இப்படித்தான். சோதனைச் சர்வரில் இரு தரவுத்தளங்களும் ஒரே காப்புப் பிரதியிலிருந்து மீட்கப்பட்டிருந்தால் எண்கள் ஒத்துப்போய் எல்லாம் சரியாகவே ஓடும். உற்பத்திச் சர்வரில்தான் குட்டு வெளிப்படும். இச்செயற்கூறுகளைத் தவிர்த்து, பெயர் உள்ள காட்சிகளையே நேரடியாக இணைத்துக் கேட்பது சற்று நீளமான எழுத்து என்றாலும் அதுவே பாதுகாப்பானது.

அடுத்த தடை, தரவுத்தளத்தின் பெயரை மாறியாகக் கொடுக்க இயலாமை. கிளைக்கு ஒரு தரவுத்தளம் வைத்திருக்கும் நிறுவனத்தில், எந்தக் கிளை என்பது புரொசீஜர் ஓடும்போதுதான் தெரியும். ஆனால் வினவலில் அட்டவணைப் பெயர் இருக்கும் இடத்தில் மாறியை வைக்க எஸ்க்யூஎல் மொழி இடம் தருவதில்லை. ஆகவே வினவலையே ஒரு சரமாகக் கட்டி, ஓடும் நேரத்தில் அதை இயக்கும் டைனமிக் எஸ்க்யூஎல் என்ற முறைக்குப் போக வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் இதற்கு அதிகம் பேசப்படாத நல்ல வழி ஒன்று உண்டு. இயக்க வேண்டிய புரொசீஜரின் பெயரை மாறியில் வைக்க அம்மொழி அனுமதிப்பதால், தரவுத்தளத்தின் பெயரோடு எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்க்யூஎல் என்ற கணினிப் புரொசீஜரின் பெயரைச் சேர்த்து ஒரு மாறியில் வைத்து அழைத்தால், அது அந்தத் தரவுத்தளத்தின் உள்ளே நின்று ஓடுகிறது. உள்ளே எழுதும் வினவலில் முன்னொட்டே தேவையில்லை, அடையாள எண்களும் தம் இடத்திலேயே பொருள்படுகின்றன. எஸ்பி_காலம்ஸ் என்ற கணினிப் புரொசீஜரையும் இவ்வாறே தரவுத்தளப் பெயரோடு அழைக்கலாம். அதில் ஒரு பொறி இருக்கிறது: அட்டவணைப் பெயரை அது ஒரு தேடல் வடிவமாக எடுத்துக்கொள்வதால், பெயரில் உள்ள அடிக்கோடு ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்று பொருள்படும். பெயர்களில் அடிக்கோடு மிகுந்த தரவுத்தளங்களில் இரண்டு அட்டவணைகளின் நெடுவரிசைகள் ஒரே பட்டியலில் கலந்து வருவது இதனால்தான். கேட்டலாக் காட்சிகளை, அட்டவணைகளை உரிமையாளர்வாரியாகப் பிரிக்கும் ஸ்கீமாவின் பெயரைச் சொல்லாமல் கேட்கும்போதும் இதே கலப்பு நேரும். ஒரே பெயரில் அட்டவணைகள் இரு உரிமையாளர்களிடம் இருப்பது பழைய அமைப்புகளில் வியப்பன்று.

எஸ்க்யூஎல் சர்வரின் 2000 பதிப்பிலிருந்து 2005க்கு மாறிய காலம் இத்துறையினருக்கு ஒரு பாடமாக அமைந்தது. பழைய பதிப்பில், ஒரு தரவுத்தளத்துக்குள் நுழைய முடிந்த எவரும் அதன் சிஸ்காலம்ஸைப் படிக்கலாம். புதிய பதிப்பு, தமக்கு ஏதேனும் ஓர் அனுமதி உள்ள பொருட்களின் விவரத்தை மட்டுமே ஒருவருக்குக் காட்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. விதி நியாயமானது; ஆனால் மறுக்கப்பட்ட விவரத்துக்குப் பிழைச்செய்தி எழுப்பப்படுவதில்லை, அந்த வரிகள் பட்டியலில் இல்லாமல் போகின்றன, அவ்வளவுதான். நெடுவரிசைப் பெயர்களைத் திரட்டி வினவல் கட்டும் புரொசீஜர்கள் ஒன்றும் கிடைக்காமல், பெயரில்லாத வினவலைக் கட்டி, சில இடங்களில் தொடரியல் பிழையோடு நின்றன. ‘பெயர்கள் இருந்தால் மட்டும் ஏற்று’ என்று பண்போடு எழுதப்பட்ட இடங்களிலோ ஒன்றும் செய்யாமல் வெற்றி என்று அறிவித்துவிட்டு முடிந்தன. இரண்டாம் வகையே பெருந்தொல்லை தந்தது. மாற்றத்துக்குப் பிறகு இரவுப் பணிகள் வழக்கத்தைவிட விரைவாக முடிந்ததை முன்னேற்றம் என்று பாராட்டிய மேலாளர்களும் இருந்தார்கள். நெடுவரிசைகளைக் காண மட்டும் அனுமதி தருவதற்கு வியூ டெஃபினிஷன் என்ற தனி உரிமை அப்பதிப்பிலேயே இருந்தது. தரவைப் படிக்க விடாமல் அமைப்பை மட்டும் காட்டும் அந்த உரிமையைக் கேட்டு வாங்குவது, முழு வாசிப்பு உரிமையைக் கேட்பதைவிட எளிது என்பதைப் பின்னர்தான் பலர் உணர்ந்தார்கள்.

ஆரக்கிளில் இதே வெறுமை வேறொரு வாசல் வழியாக வந்தது. அங்கே உரிமைகளைத் தொகுத்து ரோல் என்ற பெயரில் பயனருக்கு வழங்குவது வழக்கம். எஸ்க்யூஎல் ப்ளஸ் திரையில் அமர்ந்து ஆல்_டேப்_காலம்ஸைக் கேட்கும் பயனருக்கு, ரோல் வழியாக வந்த உரிமைகளும் சேர்ந்து, பிற உரிமையாளர்களின் அட்டவணைகளும் தெரியும். அதே வினவலை அதே பயனர் புரொசீஜராக எழுதி ஓடவிட்டால் பட்டியல் வெறுமையாகிவிடும். உரிமையாளரின் உரிமையில் ஓடும் புரொசீஜருக்குள் ரோல்கள் செயல்படுவதில்லை, நேரடியாகப் பெயர் சொல்லி வழங்கப்பட்ட உரிமைகள் மட்டுமே செல்லும். ‘திரையில் வருகிறது, புரொசீஜரில் வரவில்லை’ என்ற முறையீட்டோடு வரும் இளைஞர்களை இத்துறையில் மூத்த எவரும் சந்தித்திருப்பார்கள், அவர்கள் கேள்வியை முடிப்பதற்குள் விடையையும் சொல்லியிருப்பார்கள். 1999இல் வந்த 8ஐ பதிப்பு, அழைப்பவரின் உரிமையில் புரொசீஜரை ஓடவிடும் முறையைச் சேர்த்தது. அதில் ரோல்கள் செயல்படும். ஆனால் அதற்கு மாறினால், இரவில் தானியங்கிக் கணக்கில் ஓடும்போது ஒரு பட்டியலும், பகலில் மேற்பார்வையாளர் கையால் ஓடவிடும்போது வேறொரு பட்டியலும் வரக்கூடும். ஒரே நிரல் ஆளுக்கொரு விடை தருவதை ஏற்பதைவிட, தேவையான உரிமைகளைப் பெயர் சொல்லி நேரடியாகப் பெற்றுக்கொள்வதே மேல் என்பது இக்கட்டுரையாளரின் தீர்ப்பு. இதை மறுப்போரும் உண்டு.

அட்டவணை மற்றொரு சர்வரில் இருக்கும்போது ஆரக்கிள் டேட்டாபேஸ் லிங்க் என்ற இணைப்பைப் பயன்படுத்துகிறது. கேட்டலாக் காட்சியின் பெயருக்குப் பின் ‘அட்’ குறியும் இணைப்பின் பெயரும் இட்டால் தொலைவிலுள்ள கேட்டலாக்கே விடை தரும். அங்கே விடை பெறுபவர் இங்கே வினவலை ஓட்டுபவர் அல்லர், இணைப்பில் எழுதிவைக்கப்பட்ட பயனர். இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதியில் பெரும்பகுதி, புரொசீஜர் அறிந்த பெயர் தொலைவில் அட்டவணையாகவே இல்லாமல் சினானிம் எனப்படும் மாற்றுப்பெயராக இருப்பதால் வருவது. சினானிமிலிருந்து தரவை எடுக்கலாம். ஆனால் ஆல்_டேப்_காலம்ஸில் சினானிமின் பெயரில் ஒரு வரியும் இருக்காது, முதலில் ஆல்_சினானிம்ஸில் அதன் உண்மைப் பெயரைத் தேடி எடுத்த பிறகே நெடுவரிசைகளுக்கு வர வேண்டும். மேற்கோளின்றி எழுதிய பெயர்களை ஆரக்கிள் பெரிய எழுத்தாகவும், போஸ்ட்கிரெஸ் சிறிய எழுத்தாகவும் மாற்றிச் சேமிப்பதால், கேட்டலாக்கில் தேடும்போது எழுத்தின் அளவு பிசகினாலும் அதே வெறும் பட்டியல்தான். இணைப்பின் வழியே வாசித்தாலே ஆரக்கிள் ஒரு பகிர்ந்த பரிமாற்றத்தை (டிரான்ஸாக்ஷன்) தொடங்கிவிடுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெயர்களை மட்டும்தானே கேட்டோம் என்று நினைத்து இணைப்பை மூட முயன்றால், இணைப்பு பயன்பாட்டில் இருப்பதாக 02080 எண் பிழை வரும், முதலில் பரிமாற்றத்தை முடிக்க வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வரில் தொலைவிலுள்ள மூலத்தை லிங்க்டு சர்வர் என்று பதிந்துவைப்பார்கள். அதனிடம் கேட்க எஸ்பி_காலம்ஸ்_இஎக்ஸ் என்ற கணினிப் புரொசீஜர் உண்டு. மூலம் எந்த வகையினதாக இருந்தாலும், இணைப்புக்கான இயக்கி தெரிவிக்கும் பெயர்களை அது பட்டியலாகத் தரும். ஓப்பன்க்வெரி என்ற வழியோ, வினவலை அப்படியே தொலைவுக்கு அனுப்பி அங்கேயே ஓடவிட்டு விடையை மட்டும் கொண்டுவரும். ஆயினும் அதற்குக் கொடுக்கும் வினவல் எழுதப்பட்ட சரமாகவே இருக்க வேண்டும், மாறியை அது ஏற்காது. ஆகவே ஓப்பன்க்வெரியையே டைனமிக் எஸ்க்யூஎல் சரத்துக்குள் வைக்க, உள்ளே உள்ள ஒற்றை மேற்கோள் ஒவ்வொன்றும் முதல் அடுக்கில் இரண்டாகவும் அடுத்த அடுக்கில் நான்காகவும் பெருகும். மேற்கோள்களை எண்ணிக்கொண்டே மாலைப்பொழுதைக் கழித்த தலைமுறை ஒன்று உண்டு. 2005 பதிப்பு, மாறியில் உள்ள சரத்தை நேரே தொலைவுக்கு அனுப்பும் வடிவத்தைச் சேர்த்த பிறகு இத்தொல்லை குறைந்தது.

அந்தப் புதிய வடிவம் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. ஒரு வணிக நிறுவனத்தின் அறிக்கைப் பிரிவில், தொலைவிலிருந்து நெடுவரிசைப் பெயர்களைக் கேட்கும் கட்டளை தனியாக ஓடியது. அதன் விடையைத் தற்காலிக அட்டவணையில் இறக்கும்படி இன்சர்ட் கட்டளையோடு சேர்த்தவுடன் நின்றுபோனது. அனுமதிகளைச் சரிபார்த்தார்கள், கடவுச்சொல்லைச் சரிபார்த்தார்கள், மூலச் சர்வரின் பொறுப்பாளர்களோடு கடிதப் போக்குவரத்தும் நடத்தினார்கள். காரணம் வேறிடத்தில் இருந்தது. தொலைவில் ஓடும் கட்டளையின் விடையை இங்குள்ள அட்டவணையில் இறக்கும்போது, எஸ்க்யூஎல் சர்வர் இரு சர்வர்களையும் பிணைக்கும் பகிர்ந்த பரிமாற்றமாக அதை உயர்த்துகிறது. அதற்கு விண்டோஸின் பரிமாற்ற ஒருங்கிணைப்புச் சேவை இரு பக்கமும் ஓட வேண்டும், இடையிலுள்ள ஃபயர்வாலும் அதற்கு வழிவிட வேண்டும். பெயர்களை மட்டும் வாசிக்கும் வேலைக்கு இவ்வளவு ஏற்பாடு மிகையே. 2008 பதிப்பில், லிங்க்டு சர்வரின் அமைப்பிலேயே இந்த உயர்த்தலை நிறுத்திவைக்கும் தெரிவு வந்தது. அதை அறிந்தவர்கள் ஒரு வரியில் முடிக்கிறார்கள், அறியாதவர்கள் இன்றும் வலையமைப்புப் பிரிவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்டலாக்கைக் கேட்பதை அறவே விட்டு, வினவலையே கேட்கும் இன்னொரு வழி உண்டு; காலப்போக்கில் தேர்ந்தவர்கள் பலரும் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். ஊருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பதிவேட்டைப் புரட்டுவதைவிட, வாசலில் வந்து நிற்பவர்களைப் பார்ப்பது நம்பத்தக்கது அல்லவா. ஒன்றும் பூஜ்யமும் சமமானால் வரிகளைத் தா என்ற, ஒருபோதும் நிறைவேறாத நிபந்தனையோடு ‘செலக்ட் ஸ்டார்’ வினவலைத் தொலைவுக்கு அனுப்பி, விடையைத் தற்காலிக அட்டவணையாக உருவாக்கினால், வரிகள் வராது, நெடுவரிசைகள் மட்டும் வரும். அவற்றின் பெயர்களை உள்ளூரில் டெம்ப்டிபி என்ற தற்காலிகத் தரவுத்தளத்தின் கேட்டலாக்கில் படித்துக்கொள்ளலாம். மூலத்தில் அது அட்டவணையா, காட்சியா, சினானிமா என்ற கேள்வியே எழுவதில்லை. வாசிக்க அனுமதி இல்லையென்றால் வெறும் பட்டியல் வராது, உரத்த பிழைச்செய்தி வரும். இவ்வழியின் முதன்மையான சிறப்பே இதுதான். டைனமிக் சரத்துக்குள் உருவான தற்காலிக அட்டவணை அச்சரம் ஓடி முடிந்தவுடன் மறைந்துவிடும் என்பதால், பெயர்களைப் படிக்கும் பகுதியும் அதே சரத்துக்குள் இருக்க வேண்டும். அந்த அட்டவணையைப் பெயரால் தேடுவதும் கூடாது. பல பயனர்கள் ஒரே பெயரில் தற்காலிக அட்டவணை வைத்திருக்க முடிவதால் சர்வர் ஒவ்வொன்றின் பெயருக்கும் பின்னால் அடிக்கோடுகளையும் ஓர் அடையாளத்தையும் சேர்த்துவைக்கிறது, பெயரின் தொடக்கத்தை வைத்துத் தேடினால் அடுத்தவரின் அட்டவணை அகப்படும்.

ஆரக்கிளில் இதற்கு இணையானது டிபிஎம்எஸ்_எஸ்க்யூஎல் தொகுப்பின் டிஸ்க்ரைப்_காலம்ஸ். வினவலை ஓடவிடாமல் பகுத்துப் பார்த்த அளவிலேயே அது நெடுவரிசைகளை விவரித்துவிடும். அதன் முதல் வடிவம் பெயருக்கு 32 பைட்டுகளே ஒதுக்கியிருந்தது; மாற்றுப்பெயர் இடாத நீண்ட கணக்கீடு ஒன்று வினவலில் இருந்தால் அக்கணக்கீட்டின் எழுத்தே பெயராகி, இடம் போதாமல் பிழை எழும். டிஸ்க்ரைப்_காலம்ஸ்2 அதைச் சரிசெய்தது. எஸ்க்யூஎல் சர்வர் 2012இல் ஒரு வினவலின் முதல் விடைத்தொகுதியை ஓடவிடாமலே விவரிக்கும் செயற்கூறு வந்தது.

உள்ளூரிலேயே அயல் அட்டவணையின் நகலான விவரம் இருக்கும் அமைப்புகளில் ஏமாற்றம் வேறு வகையானது. டிபி2இன் கூட்டமைப்பு முறையில் தொலைவிலுள்ள அட்டவணைக்கு நிக்நேம் என்ற உள்ளூர்ப் பெயர் உருவாக்குவார்கள்; போஸ்ட்கிரெஸில் 2013இன் 9.3 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ்_எஃப்டிடபிள்யூ வழியாக அயல் அட்டவணை உருவாக்குவார்கள். இரண்டிலும் நெடுவரிசைப் பட்டியல் உருவாக்கிய நாளில் உள்ளூர்க் கேட்டலாக்கில் பதிவாகிறது, அதன் பிறகு தானாக மாறுவதில்லை. உள்ளூரில் கேட்டால் விடை உடனே வரும், அழகாக வரும், ஆனால் அது அன்றைய நாளின் விடை. எஸ்க்யூஎல் சர்வரிலும், ‘செலக்ட் ஸ்டார்’ கொண்டு எழுதிய காட்சியின் நெடுவரிசை விவரம் இப்படியே பழமையில் நின்றுவிடும். அடியிலுள்ள அட்டவணை மாறிய பின் எஸ்பி_ரெஃப்ரெஷ்வியூ ஓட்டப்படாவிட்டால், பெயர் ஒன்றும் அதன்கீழ் வரும் தரவு வேறொன்றுமாக இருக்கும் நிலைகூட ஏற்படுகிறது. போஸ்ட்கிரெஸில் ஆழமான கேட்டலாக்கான பிஜி_ஆட்ரிபியூட்டை நேரே படிப்பவர்களுக்கு எதிர்ப்பக்கத்து வியப்பு காத்திருக்கும்: நீக்கப்பட்ட நெடுவரிசையின் வரியும் அங்கே புள்ளிகள் சூழ்ந்த ஒரு பெயரோடு தொடர்ந்து இருக்கும், அதை விலக்கும் நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்.

பெயர்கள் வந்து சேர்ந்த பிறகு அவற்றைக் காற்புள்ளியிட்டு ஒரே சரமாக்குவது சிறு வேலை என்று தோன்றும். மைஎஸ்க்யூஎலின் குரூப்_கான்கேட் இயல்பாக 1024 பைட்டுகளோடு சரத்தை வெட்டிவிடும். எச்சரிக்கை மட்டும் பதிவாகும், புரொசீஜர் அதைப் படிக்காது. வெட்டு ஒரு பெயரின் நடுவில் விழுந்தால் பிழை எழும். காற்புள்ளிக்குச் சற்று முன் விழுந்தாலோ, கடைசி நெடுவரிசைகள் இல்லாத, முறையான வினவல் ஒன்று கிடைத்துவிடும். ஆரக்கிளின் லிஸ்ட்ஆக் இடம் போதாவிட்டால் பிழை எழுப்பி நிற்பது இவ்வகையில் மேலானது. எஸ்க்யூஎல் சர்வரில் ஸ்ட்ரிங்_ஆக் 2017இல்தான் வந்தது. அதுவரை எக்ஸ்எம்எல் வழியாகச் சரத்தை ஒட்டும் உத்தியே ஆட்சி செய்தது; பெயரில் ‘அண்ட்’ குறி இருந்தால் அது உருமாறிப்போகும் என்பது அதன் குறை.

வெளியிலிருந்து வந்த பெயரை அப்படியே வினவலில் சேர்ப்பது பாதுகாப்பின்மைக்கும் இடம் தருகிறது. இடைவெளி உள்ள பெயர், ஒதுக்கிய சொல்லான பெயர், சதுர அடைப்புக்குறியே உள்ள பெயர் எல்லாம் பிறர் அட்டவணைகளில் உண்டு; தீய நோக்குள்ள ஒருவர் பெயருக்குள்ளேயே கட்டளை ஒன்றை வைக்கவும் முடியும். எஸ்க்யூஎல் சர்வரில் க்வோட்நேமும், ஆரக்கிளில் டிபிஎம்எஸ்_அசர்ட் தொகுப்பும் பெயரை முறையாகப் பொதிந்து தருகின்றன. க்வோட்நேம் 128 எழுத்துக்கு மேல் உள்ள சரத்துக்கு வெறுமையைத் திருப்பித் தரும் என்பதால், தரவுத்தளம், ஸ்கீமா, அட்டவணை எல்லாம் சேர்ந்த முழுப் பெயரை ஒரே தடவையில் பொதிய முயலாமல் பகுதி பகுதியாகப் பொதிவதே முறை. தமிழில் பெயரிடும் முயற்சிகள் அரிதாகவே நடக்கின்றன எனினும், நடந்த இடங்களில் பைட்டுக் கணக்கு குறுக்கிட்டது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் எடுக்கும். 30 பைட்டு எல்லை இருந்த பழைய ஆரக்கிளில் ‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லே, 39 பைட்டுகள் ஆவதால், நெடுவரிசைப் பெயராக அமையாது, 12.2 பதிப்பில்தான் எல்லை 128 ஆயிற்று. போஸ்ட்கிரெஸின் எல்லை 63 பைட்டுகள். அங்கே ‘வாடிக்கையாளர்_பிறந்தநாள்’, ‘வாடிக்கையாளர்_பிறந்தநகர்’ என்ற இரண்டும் ‘வாடிக்கையாளர்_பிறந்தந’ என்றே வெட்டுப்பட்டு, ஒரே பெயரில் இரு நெடுவரிசைகள் என்ற பிழையில் போய் முடியும்.

இவ்வளவும் கடந்து சரியான பட்டியலைப் பெற்ற புரொசீஜர் அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்பதில்தான் இத்தொழிலில் கருத்து வேறுபாடு மிகுதி. மூலத்தில் புதிய நெடுவரிசை தோன்றினால் இலக்கு அட்டவணையிலும் தானாகவே அதைச் சேர்த்து ஏற்றிவிட வேண்டும் என்போர் ஒருபுறம். இன்றைய தரவுக் கருவிகள் பலவும் அதையே சிறப்பம்சமாக விளம்பரம் செய்கின்றன. மூலத்தில் சேர்ந்த அந்த நெடுவரிசை வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணாகவோ அடையாள எண்ணாகவோ இருக்கும்போது, யாரும் முடிவெடுக்காமலே அது அறிக்கைகளுக்காகத் தரவைச் சேர்த்துவைக்கும் கிடங்குக்குள் நுழைந்து, அங்கிருந்து பத்துப் பேரின் எக்செல் கோப்புகளுக்குப் போய்விடுகிறது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு, இது வெறும் ஒழுங்குமுறைக் கேள்வியாக இல்லாமல் சட்டக் கேள்வியாகவும் ஆகியிருக்கிறது.

ஆகவே இக்கட்டுரையாளர் அறிந்த, ஒழுங்காக நடக்கும் இடங்களில் வழக்கம் இவ்வாறு அமைந்திருக்கிறது. ஒவ்வோர் இரவும் அயல் அட்டவணையின் நெடுவரிசைப் பெயர், வகை, வரிசை எண் ஆகியவை தேதியோடு ஓர் உள்ளூர் அட்டவணையில் பதியப்படுகின்றன. பட்டியல் வெறுமையாக இருந்தாலோ, நேற்று இருந்த பெயர் இன்று இல்லாமல் போனாலோ ஏற்றம் நின்று, பணியில் இருப்பவருக்குச் செய்தி போகிறது. பெயர் கூடியிருந்தால் ஏற்றம் பழைய பட்டியலோடு நடக்கிறது, புதிய பெயர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. இதனால் வேலை தாமதமாகிறது என்ற முறையீடு எழாத ஆண்டு கிடையாது. தணிக்கையாளர்கள் வந்து, ஒரு குறிப்பிட்ட தனிநபர் விவரம் எந்த நாள் முதல் இந்தக் கிடங்கில் இருக்கிறது, அதற்கு ஒப்புதல் தந்தவர் யார் என்று கேட்கும்போது, மூல அமைப்பின் பொறுப்பாளர்கள் பழைய மின்னஞ்சல்களைத் தேடத் தொடங்குகிறார்கள். கிடங்கின் பக்கத்தில் இருப்பவர்கள் அந்த உள்ளூர் அட்டவணையில் ஒரு வினவல் போட்டுத் தேதியைச் சொல்லிவிடுகிறார்கள்.